எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி

கோயமுத்தூர், ஆர்.எஸ்.புரம்
21.6.1998

மருதமலையான் துணை.

கண்ணு கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறோம்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. டிவி ரிப்பேர்க்காரனுக்கு இது எதற்கு என்று ஊரே கேட்கிறது. என் மகளுக்குக் கடிதம் போட என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். பக்கத்துக் கடை அப்துல் குத்தூஸ் பாய்தான் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தார். டப்பா பெரிதாக இருக்கிறதே தவிர உள்ளே பாதி காலி. "ஏனுங் பாய், இதுக்குள்ள கோழியே அடை வெக்கலாம் போல இருக்குதுங்களே" என்றேன். "உங்க வாய்க்கு ஒரு ஸ்விட்ச் வெச்சாத் தேவலீங்" என்றார்.

எனக்கு இந்தக் காலத்துச் சாமான்கள் மேல் நம்பிக்கையே இல்லை அம்மணி. நம் கொர்ராத்தாளைப் பார். நீ நடை பழகுவதற்கு முன்பே வாங்கிய வால்வு ரேடியோ. சூடேறும்போது 'கொர்ர்' என்று உறுமுவாள், நீ அம்மா முந்தானைக்குள் ஓடுவாய். அந்தப் பேரும் நீ வைத்ததுதான். இன்றைக்கும் கணீரென்று பாடுகிறாள். போன வருசம் விற்ற கலர் டிவிகளோ, பெட்டி பிரித்த சூடு ஆறும் முன்பே என் மேசைக்கு வந்துவிடுகின்றன.

நான் அனுப்பிய ஈமெயிலுக்கு உன் பதில் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி, பேங்கிலிருந்து வந்த மாதிரி. நீ வாயாடும்போது நான் ரேடியோவை நிறுத்த வேண்டியிருக்கும். அமெரிக்கா போனதும் வாய் சுருங்கிவிட்டதா?

அம்மா கேட்கச் சொன்னாள்: நன்றாகத் தூங்குகிறாயா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்றேன். கேட்டே ஆக வேண்டுமாம்.

மாப்பிள்ளையை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புள்ள அப்பா,
தம்பிதுரை


கொலம்பஸ், ஒஹாயோ
12.7.1998

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோகிலாவின் நமஸ்காரம். இங்கே இருவரும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிய கதையைப் படித்து நிறைய நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அப்பா, ஈமெயில் வேண்டாம், கடிதமே போடுங்கள். இங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் என்னவோ கோளாறு. புதிதாக வரும் மெயில் கறுத்த எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வருவதெல்லாம் நான் திறக்கும் முன்பே யாரோ படித்தது போல மெலிந்து கிடக்கிறது. பாதி எழுதி வைத்தது மறுநாள் இருப்பதில்லை. நீங்கள் சொல்கிற அந்த நாலு வரியை எழுதியதாகவே எனக்கு நினைவில்லை.

போனும் அப்படித்தான். உங்களோடு பேசும்போது நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அதற்கப்புறம் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குறைந்துவிடுகிறது. இது என்ன கோளாறுங்கப்பா? ஊரில் யார் எந்த செட்டைக் கொண்டு வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவீர்களே, இதையும் சொல்லுங்கள்.

தூக்கம் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லவும். அவரும் நலம்.

உங்கள்
கோகிலவாணி


கோயமுத்தூர்
2.8.1998

மருதமலையான் துணை.

அம்மணிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். தைலம் தேய்த்தாகிவிட்டது, நான் சாட்சி.

இவ்வளவுதானா? இதற்கா கவலைப்பட்டாய்? உன் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருக்கிறது. குத்தூஸ் பாயிடம் படித்துக் காட்டினேன், அவரும் தலையாட்டினார். ஃப்ளாப்பி என்பது ஊர் ஊராக விருந்துக்குச் சுற்றி வருகிற ஒறம்பரை மாதிரி கண்ணு, யார் வீட்டுச் சளியையும் இழுத்துக்கொண்டு வந்து நம் வீட்டில் தும்மும். கண்ட ஃப்ளாப்பியையும் போடாதே. மாப்பிள்ளையிடம் சொன்னால் நல்ல மருந்து சாஃப்ட்வேராகப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் பெரிய கம்பெனி கம்ப்யூட்டர்களையே கட்டி மேய்க்கிறவர், வீட்டுக் கம்ப்யூட்டரைக் கவனிக்க நேரமில்லை போலிருக்கிறது.

போன் கோளாறு அதைவிடச் சின்னது. கார்ட்லெஸ் போன்தானே? அதன் அடிப்பெட்டியை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்திருப்பீர்கள், எடுத்துத் தள்ளி வை. ஒயர் இல்லாத சாமானை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

அம்மா கேட்கிறாள்: கையில் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாயா, கழற்றிவிட்டாயா? போட்டோவில் காணோமாம். அவளுக்கு வேறு வேலையில்லை.

அப்பா


கொலம்பஸ்
25.8.1998

அப்பா அம்மாவுக்கு நமஸ்காரம். சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதம் வரும்போதே உறை பிரிந்திருந்தது. எங்கள் தபால் பெட்டிப் பூட்டு சரியில்லை. வைரஸ் விளக்கத்தை அவர் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்கப்பன் நல்ல மெக்கானிக்குத்தான்" என்றார்.

கீழ்வீட்டில் நம் பீளமேட்டு அம்மா ஒருவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறார். வெங்கடம்மாள் என்று பெயர். பெட்டிப் பூட்டு சரியாகும்வரை இனி அவர் விலாசத்துக்கே எழுதுங்கள். இந்தக் கடிதத்தைக்கூட அவர்தான் தபாலில் சேர்க்கிறார்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள் அப்பா. கண்டே பிடிக்க முடியாத மாதிரி ஒரு பாஸ்வேர்டு எப்படி வைப்பது? வீட்டிலேயே இருக்கிறவர்கள், நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட யோசித்துக் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். என் பெயர், பிறந்த நாள், படித்த காலேஜ் எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை.

வளையல் உடைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லவும்.

கோகிலா


கோயமுத்தூர்
13.9.1998

மருதமலையான் துணை.

கண்ணுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம்.

அடுத்த வீட்டு விலாசத்துக்கு எழுதக் கை கூசுகிறது. மாப்பிள்ளை பேர் போட்டு எழுதுவதுதான் முறை. பூட்டை முதலில் மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஊரே ஏமாளிதான். குத்தூஸ் பாய் தன் கடைப் பேரையே வைத்திருக்கிறார், போர்டில் எழுதித் தொங்கவிட்டதற்குச் சமம். பெண்கள் பாதிப் பேர் புருஷன் பேரை வைக்கிறார்களாம், ஆண்கள் எல்லோரும் சாமி பேரை. முதலில் திருடன் முயற்சி செய்வதே அந்த இரண்டைத்தான். வெளியாட்கள் யாரும் கேட்டிராத வார்த்தையாக இருக்க வேண்டும். அகராதியில் இருக்கக்கூடாது. உனக்கு மறக்கவும் கூடாது.

யோசித்துப் பார்த்தேன். நம் கொர்ராத்தாள் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடி, கடைசியில் அவளை வாங்கிய வருசம். உலகத்தில் நம் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அம்மா கேட்கிறாள்: வளையல் எப்படி உடைந்தது?

அப்பா


கொலம்பஸ்
4.10.1998

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆயிரம் நமஸ்காரம்!

கொர்ராத்தாள் வேலை செய்கிறாள் அப்பா! லைப்ரரியில் இலவசமாகக் கம்ப்யூட்டர் பார்க்கலாம் என்று வெங்கடம்மா மகள் கூட்டிப்போய்க் காட்டினாள். எனக்கென்று தனியாக ஒரு மெயில் பெட்டி திறந்து அந்த வார்த்தையை வைத்தேன். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நம் கடை வாசனை வருகிறது, ஈயம் பற்ற வைக்கிற புகையும் அம்மா கொடுத்தனுப்புகிற காப்பியும். அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி கைக்குட்டை கொடுத்தார்.

என்னுடன் படித்த ஜோதிமணி சிகாகோவில் இருக்கிறாளே, அவளுக்கு எழுதினேன். பெரிய கடிதம். எழுதி முடித்ததும் நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. அவள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாள். பஸ் டிக்கெட் அனுப்புகிறாளாம். தீபாவளி முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது அப்பா. அங்கே போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்கிறேன். அப்போது 'டிக்' சத்தம் இருக்காது.

அதுவரை இந்தப் பெட்டியைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம். யாரிடமும்.

இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி


கோயமுத்தூர்
22.10.1998

மருதமலையான் துணை.

கண்ணுக்கு அப்பா எழுதுவது. தீபாவளி நோம்பி முடிந்தது. தலை தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வராத வீடு என்ன வீடு! அம்மா சுட்ட முறுக்கைக் குத்தூஸ் பாய் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன்.

மாப்பிள்ளைக்கு நோம்பி சீர் அனுப்ப முடியவில்லையே என்று மனசு கேட்கவில்லை. நோம்பிக்கு முன்பே அவர் பேருக்குத் தனியாக ஒரு மரியாதைக் கடிதம் போட்டேன், கிடைத்திருக்கும். உன் புது மெயில் பெட்டியைப் பற்றியும், அந்த பாஸ்வேர்டையும் அதில் எழுதிவிட்டேன். கொர்ராத்தாள் கதையை நன்றாக ரசித்திருப்பார்.

யாரிடமும் சொல்லாதே என்றாயே என்று கோபிக்காதே. நான் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை, குத்தூஸ் பாயிடம்கூட. மாப்பிள்ளை வெளியாளா? வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெண்ணுக்கு நாம் ஒரு வழி சொல்லிக் கொடுத்தோம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், வளர்ப்பைத்தானே குறை சொல்வார்கள்? இன்னொன்று, எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி இருக்க வேண்டும். ஒரே சாவியை வைத்துக்கொண்டு தொலைத்துவிட்டு, பூட்டை உடைக்க என்னிடம் ஓடி வருகிறவர்களை எத்தனை பேர் பார்த்துவிட்டேன். நீ நாளைக்கு மறந்துபோனாலும் அவரிடம் ஒன்று இருக்கும்.

ஜோதிமணி வீட்டுக்கு இருவருமாகப் போய் வாருங்கள்.

இந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. ஏனென்று கேட்டால் "உங்களுக்குத் தெரியாதுங்" என்று எழுந்து போகிறாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்பா


கோயமுத்தூர்
17.1.1999

மருதமலையான் துணை.

கண்ணு கோகிலா, நீ சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

ஐப்பசி போய்த் தை வந்துவிட்டது. உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. ஜோதிமணி வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றாயே, போனும் இல்லை. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். தூங்குகிறாள், குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறார். ஈமெயில் போட்டால் உடனே பதில் வருகிறது, எல்லோரும் நலம் என்று இங்கிலீஷில். அதைப் படித்துக் காட்டினால் அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள். "அது எம் புள்ள எழுதுனதில்லீங். எத்தன தடவ சொல்றதுங் உங்களுக்கு, அவ எழுதுனதில்லீங்" என்கிறாள்.

இன்று கடையில் ஒருவர் கார்ட்லெஸ் போன் ரிப்பேருக்குக் கொண்டு வந்தார். பேசும்போது டிக் என்று கேட்டு குரல் குறைகிறது என்றார். "உங்க ஊட்ல இன்னொரு போன் இருக்குதுங்களா? அதை ஆரோ எடுத்துக் கேக்கறாங்க" என்று கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போனை வாங்காமலே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருசம் இதே தொழில் செய்கிறவனுக்கு இது தெரியாதா கண்ணு? தெரியும். நீ கேட்டபோது மட்டும் ஏன் தெரியாமல் போனது?

இரண்டு வரி எழுது. நான் எழுதிய அந்தக் கடிதத்தால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் எழுது.

அப்பா


கொலம்பஸ்
8.2.1999

மதிப்புக்குரிய தம்பிதுரை அண்ணனுக்கும் அண்ணிக்கும் வெங்கடம்மாள் எழுதிக்கொண்டது. நான் உங்களுக்குப் பழக்கமில்லாதவள். உங்கள் மகள் வீட்டுக்குக் கீழ்வீடு.

உங்கள் கடிதம் இரண்டும் என்னிடமே இருக்கின்றன, கொடுக்க முடியவில்லை. கதவைத் தட்டினால் உங்கள் மாப்பிள்ளைதான் வருகிறார். துணி துவைக்கிற இடத்தில் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தேன். அன்று அவள் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு என்னால் விமானம் ஏற முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அவருக்கு எழுதிய தீபாவளிக் கடிதம் வந்த அன்றே அவளுடைய பெட்டியைத் திறந்துவிட்டார். சிநேகிதிக்கு எழுதியதையெல்லாம் காகிதத்தில் அச்சடித்து, அவளை எதிரில் நிற்க வைத்து, அவள் வாயாலேயே படிக்கச் சொன்னாராம். பஸ் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். கல்யாணம் ஆன நாள் முதலாகவே கை நீட்டுகிறவர்தான். அன்றைக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அடுப்புக் கதவு இடித்தது என்று டாக்டரிடம் சொன்னாளாம்.

"போலீசைக் கூப்பிடட்டுமா கண்ணு" என்றேன். "வேண்டாங்கம்மா, என் விசா அவரு பேர்லதான் இருக்குதுங்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களைக் குறை சொல்லவில்லை. "எங்கப்பாவுக்கு மரியாதை ஜாஸ்திங்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் பீளமேடு வந்துவிடுவேன். நேரில் வருகிறேன்.

வெங்கடம்மாள்


கோயமுத்தூர்
28.2.1999

மருதமலையான் துணை.

மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கும் மகள் கோகிலவாணிக்கும் தம்பிதுரை வணக்கம். நாங்கள் சுகம். கடிதம் வழக்கம்போல் மாப்பிள்ளை பேருக்கே அனுப்பியிருக்கிறேன்.

கடைச் சமாச்சாரம் ஒன்று. போன வருசம் நம்மிடமிருந்து ஒரு செட் தூர ஊருக்குப் போனது, கோகிலாவுக்கு நினைவிருக்கும். நான் என் கையாலேயே பார்த்துப் பார்த்துச் செய்தது. அங்கே போனதிலிருந்து கோளாறு கோளாறு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு வைரஸ் என்றேன், ஃப்ரிட்ஜ் என்றேன். இப்போதுதான் புரிந்தது, செட்டில் ஒரு குறையும் இல்லை. அங்கே வருகிற கரண்டு சரியில்லை. வோல்டேஜ் ஏறி ஏறி அடிக்கிற இடத்தில் எந்த செட் தாங்கும்?

அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடச் சொல்கிறேன். உடைந்திருந்தாலும் பரவாயில்லை. விற்ற சாமானைத் திரும்ப வாங்கினால் கடைப் பேர் கெட்டுவிடும் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும், கடையை மூடிவிட்டு அந்த ஒரு செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேசையைத் துடைத்து இடம் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அம்மா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பிதுரை


கொலம்பஸ்
21.3.1999

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலத்திற்கு இறைவனை வேண்டுகிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. இருவரும் படித்தோம். தாங்கள் எழுதியிருந்த அந்த செட் இப்போது சத்தமே போடுவதில்லை. ஆகையால் கோளாறு ஏதும் இல்லை. எடுத்துக்கொண்டு வரவும் வேண்டியதில்லை. இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

எனக்குத் தனி மெயில் பெட்டி தேவைப்படவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், அவரிடம் இருக்கிறது. கையில் சிறிய சுளுக்கு, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். மன்னிக்கவும்.

தங்களை மிகவும் கேட்டதாக அவர் எழுதச் சொன்னார்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
திருமதி கோகிலவாணி கதிர்வேல்


கோயமுத்தூர்
9.4.1999

கண்ணு கோகிலா,

அம்மா எழுதறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும், பேசறாப்பலயே எழுதறேன்.

உங்கப்பா எழுத உக்காந்தாரு. முடியலை. பேனாவ மூடிப்போட்டு எந்திரிச்சுட்டாரு. கொர்ராத்தாளப் பிரிச்சு மேச மேல பரப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. "நல்லாப் பாடிக்கிட்டிருந்தவளை எதுக்குங் பிரிச்சீங்க"ன்னு கேட்டேன். "புள்ள அத்தன தடவ சொல்லியும் எனக்குக் கேக்கலயே சாந்தாமணி"ங்கறாரு. அதையே சொல்லிக்கிட்டிருக்காரு. கடை தெறக்கறதில்ல. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் எழுதிப் போட்டிருக்காரு.

கருமத்தம்பட்டிக்குப் போயி உன்ற மாமனார் ஊட்டு வாசல்ல நின்னாரு. "புருசனுக்குத் தெரியாம ஒளிச்சது உங்க புள்ளதானுங்களே"ன்னு சொல்லிப்போட்டாங்களாம். உக்காருன்னுகூட ஆரும் சொல்லலையாம்.

நீ எடது கையில எழுதுன கடுதாசியத் தலமாட்லதான் வெச்சிருக்கேன். சோறுண்ணு கண்ணு. ஊடு தெறந்தேதான் கெடக்குது.

இனி மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தைங்.

மாப்பிள்ளெ, இந்தக் கடுதாசிய மொதல்ல பிரிக்கறது நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங். படிங்க. ஒளிக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லீங். அந்த வார்த்தைய உங்களுக்கு எழுதிக் குடுத்தது நாங்கதானுங், உங்க மேல வெச்ச மரியாதையிலதானுங் குடுத்தோம். எம் புள்ளைய அடிக்காதீங்க. இந்த ஊட்ல அவளை ஆரும் கை நீட்டுனதில்லீங், அவளுக்கு அடி தாங்காதுங். உங்களுக்கு ஆகலீன்னா அனுப்பிப்போடுங், ஏன் எதுக்குன்னு நாங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டமுங். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன் சாமி.

நிதானமாப் படிங்க. படிச்சு முடிச்சதும் இதை அவ கையில குடுத்துப்போடுங்.

சாந்தாமணி